கலர் இல்லாமலே நம்மைக் கட்டிப் போட்டவர்!
குன்பெய் யோகோய் (1941 – 1997)



வீடியோ கேம் ஆடும்போது அம்மா சாப்பிடக் கூப்பிடுவது காதில் விழாது. வெளியே இருட்டினது கூடத் தெரியாது. அந்த அளவுக்கு ஒரு கேம் நம்மை உள்ளே இழுத்துக்கொள்வது எதனால்? நிஜம் போலப் படம் இருப்பதாலா? கலராலா? சத்தத்தாலா? இந்தக் கேள்விக்குத் தன் வேலையாலேயே விடை சொன்ன ஒருவரை இந்த இதழில் சந்திப்போம், வாங்க!

சீட்டுக் கம்பெனியில் மெக்கானிக்

ஜப்பானில் உள்ள கியோட்டோ நகரில் 1941 செப்டம்பர் 10 அன்று பிறந்தவர் குன்பெய் யோகோய். அதே ஊரில் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்துவிட்டு, 1965-ல் நிண்டெண்டோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போ அது வீடியோ கேம் கம்பெனி இல்லீங்க! 1889-லிருந்து பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு செய்து விற்ற கம்பெனி. சீட்டு தயாரிக்கும் மெஷின்களைப் பராமரிப்பதுதான் இவருக்குக் கொடுத்த வேலை.

சும்மா இருக்கும் நேரத்தில் இவர் தனக்காக ஒரு பொம்மைக் கை செய்தார். கடைகளில் இழுத்து மூடும் மடக்கு கேட் பார்த்திருப்பீங்க. அதே மாதிரி குறுக்குச் சட்டங்கள். கைப்பிடியை அமுக்கினால் நீண்டு போய்த் தூரத்தில் இருக்கும் பொருளைப் பிடிக்கும். இது கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமௌச்சி கண்ணில் பட்டுவிட்டது. வேலை நேரத்தில் விளையாட்டா என்று திட்டு விழவில்லை. இதையே பொம்மையாகச் செய்து தரும்படி உத்தரவு வந்தது! 1966-ல் வெளியான அந்த 'அல்ட்ரா ஹேண்ட்' பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மெக்கானிக் அன்றிலிருந்து பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

ரயிலில் கிடைத்த யோசனை

ஒருநாள் புல்லட் ரயிலில் போகும்போது, ஒரு பயணி பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததை யோகோய் பார்த்தார். உடனே பொறி தட்டியது. கால்குலேட்டர் கம்பெனிகளின் போட்டியால் அதன் சின்னத் திரை ரொம்ப விலை குறைந்திருந்த காலம் அது. அந்தத் திரையிலேயே ஒரு கேம் வைத்து, கூடவே மணியும் காட்டினால்? 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது. இந்த வரிசை மொத்தம் 4 கோடியே 34 லட்சம் விற்றது.

புதுசாக வந்த விலை உயர்ந்த தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. பழகிப்போன, மலிவான பொருளை எடுத்து அதை வேறு கோணத்தில் பயன்படுத்து. இதுதான் யோகோய் கடைசி வரை பிடித்திருந்த கொள்கை.

கட்டை விரலுக்குக் கண் வந்தது!

1982-ல் டாங்கி காங் என்ற கேமைக் கையடக்கமாகச் செய்ய வேண்டியிருந்தது. கடைகளில் இருந்த பெரிய மெஷினில் இதை ஆட ஒரு கம்பு இருக்கும். அந்தக் கம்பை வைத்தால் கையடக்க மெஷினை மடக்கிப் பையில் போட முடியாது. யோகோய் பிளஸ் குறி போல ஒரு தட்டையான பட்டன் செய்தார். நான்கு திசைக்கும் ஒரே பட்டன்!

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீங்க. எந்தப் பக்கம் அமுக்குகிறோம் என்று கட்டை விரலே தொட்டு உணர்ந்துவிடும். குனிந்து கையைப் பார்க்க வேண்டாம். கண் திரையை விட்டு நகராது. கொஞ்ச நேரத்தில் பட்டன் இருப்பதே மறந்துபோகும். நாம் நினைத்ததும் உள்ளே இருக்கும் ஆள் குதிப்பது போலத் தோன்றும். கேமுக்குள் மூழ்குவது என்பது இங்கேதான் ஆரம்பம்! இன்றைக்கும் கேம் கன்ட்ரோலர்களில் இந்தப் பிளஸ் பட்டன் இருக்கிறது. அடுத்த முறை கையில் எடுத்தால் பாருங்க.

1986-ல் இவர் மேற்பார்வையில் மெட்ராய்டு என்ற கேம் வந்தது. ஆளில்லாத கிரகம், முடிவே இல்லாத குகைகள், பயமுறுத்தும் இசை. உள்ளே வரைபடமே கிடையாது! ஆடினவர்கள் பேப்பரில் தாங்களே வரைபடம் போட்டுக்கொண்டார்கள். தொலைந்து போவோமோ என்ற பயம்தான் அந்தப் புள்ளிப் படங்களை நிஜக் குகை ஆக்கியது.

வெற்றியும் தோல்வியும்

1989-ல் கேம் பாய் வந்தது. யோகோய் குழுவின் மிகப் பெரிய சாதனை. ஆனால் திரையைப் பார்த்தால் சிரிப்பு வரும்! பச்சை கலந்த நான்கு சாயல்கள் மட்டும். மொத்தமே 160 x 144 புள்ளிகள். பின்னால் விளக்குக் கூட இல்லை. அதே வருடம் அட்டாரி கம்பெனி கலர்த் திரையோடு லிங்க்ஸ் என்ற மெஷினை இறக்கியது. 1990-ல் சேகா கம்பெனியும் கலரில் வந்தது. ஆனால் அவற்றுக்கு ஆறு பேட்டரி. அதுவும் சுமார் 4, 5 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்குச் சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற சைஸில் நாலே நாலு பேட்டரி. பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும்! ரசித்து ஆடும்போது பாதியில் அணைந்துபோனால் எப்படி மூழ்குவது? டெட்ரிஸில் கட்டம் விழ விழ, கலர் இல்லை என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. பிறகு வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து 11 கோடியே 86 லட்சம் விற்றது.

1995-ல் யோகோய் இன்னும் ஒரு படி மேலே போக நினைத்தார். அதுதான் வர்ச்சுவல் பாய். பெட்டிக்குள் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம். அதனால் ஆழம் தெரியும். கறுப்புப் பின்னணியில் திரையின் ஓரமே தெரியாமல், எல்லையில்லாத வெளிக்குள் இருப்பது போல ஆக வேண்டும் என்பது அவர் கனவு. நடந்தது வேறு. கறுப்பில் சிவப்பு மட்டும் தெரிந்தது. மேசை மேல் வைத்துக் குனிந்து ஆடியதில் கழுத்து வலித்தது, தலை வலித்தது. வலி வந்த பிறகு எந்த உலகத்துக்குள் போவது? எட்டு லட்சம் கூட விற்காமல் ஒரு வருடத்துக்குள் நின்றுபோனது.

நம்மை முழுசாக மூழ்கடிக்கவே செய்த பெட்டி தோற்றது. மங்கலான பச்சைத் திரை ஜெயித்தது. இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர்!

கடைசிப் பயணம்

31 வருடம் உழைத்த கம்பெனியை விட்டு 1996 ஆகஸ்டில் விலகினார். ஓய்ந்து உட்காரவில்லை. கோட்டோ என்ற சொந்த நிறுவனம் தொடங்கி, பண்டாய் கம்பெனிக்காகப் புதிய கையடக்க மெஷினில் இறங்கினார். 1997 அக்டோபர் 4. நெடுஞ்சாலையில் இவர் வந்த கார் முன்னால் போன வண்டியில் மோதியது. என்ன ஆச்சு என்று பார்க்க இறங்கினவர் மேல் இன்னொரு கார் மோதிவிட்டது. அப்போது அவருக்கு வயது 56.

அவர் முடிக்காமல் விட்டது 1999-ல் வொண்டர்ஸ்வான் என்ற பெயரில் வந்தது. கறுப்பு வெள்ளைதான். ஓடுவதற்கு ஒரே ஒரு பேட்டரி! அதில் வந்த ஒரு கேமுக்கு அவர் நினைவாக வைத்த பெயர்: குன்பெய்.

★ உங்களுக்குத் தெரியுமா? ★
இரண்டு கேம் பாயை ஒரு ஒயரால் இணைக்கலாம். 1996-ல் வந்த போக்கிமான் கேமில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் போக்கிமானை மாற்றிக்கொண்டது அந்த ஒயர் வழியாகத்தான்!

நண்பர்களே, நம்மிடம் விலை உயர்ந்த பொருள் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். இருப்பதை வைத்து யோசிக்கலாம். யோகோய் தொடங்கியதும் சும்மா கிடந்த நேரத்தில், ஒரு பொம்மைக் கையில்தான்!

– தொகுப்பு: பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவர்கள்