பனாமாவை வெட்டி முடித்தவர்

தொடங்கி வைப்பவருக்கு மாலை, மேளதாளம், வரவேற்பு வளைவு! முடித்து வைப்பவருக்கு? பெயரைக் கேட்டால் கூடப் பலருக்குத் தெரிவதில்லை. பனாமாக் கால்வாய் என்றதும் பிரெஞ்சு நாட்டு லெசெப்ஸ் நினைவுக்கு வருகிறார். சூயசை வெட்டிய புகழோடு 1881இல் பனாமாவில் மண்வெட்டி போட்டவர் அவர். எட்டே ஆண்டுகளில், 1889இல், கம்பெனி கவிழ்ந்தது. பணம் போட்ட ஏழை எளியோர் தெருவில் நின்றனர். காய்ச்சலுக்கும் விபத்துக்கும் பலியானோர் 20,000 பேருக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கால்வாயை வெட்டி முடித்தவர் வேறொருவர். ஜார்ஜ் வாஷிங்டன் கோத்தல்ஸ் என்பது அவர் பெயர்.

1858ஆம் ஆண்டு நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் பிறந்தவர். பெற்றோர் பெல்ஜியத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள். வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் பயின்று, 1880இல் வகுப்பில் இரண்டாம் இடம் பெற்றுத் தேறினார். இராணுவ எஞ்சினியர் என்றால் கோட்டை கட்டுபவர் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் ஆற்றை அடக்குவதும் படகு செல்ல வழி வெட்டுவதும் அந்தப் படைப்பிரிவின் வேலைதான். டென்னசி ஆற்றில், படகை ஒரே மூச்சில் 26 அடி தூக்கிவிடும் அடைப்புத் தொட்டியைக் கட்டியவர் இவர். அவ்வளவு உயரமா என்று மேலிடமே தயங்கிய வேலை அது.

பனாமாவை அமெரிக்கா 1904இல் ஏற்றது. முதல் தலைமை எஞ்சினியர் வாலஸ் ஓராண்டிலேயே விலகினார். அடுத்து வந்தவர் ஜான் ஸ்டீவன்ஸ். இரயில்பாதை போட்டுப் பழுத்தவர். இவர் வந்ததும் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? தோண்டுவதை நிறுத்தியது! வீடு, குடிநீர், சாக்கடை, உணவு விடுதி, வலுவான இருப்புப் பாதை, இவையெல்லாம் முதலில் ஆகட்டும், மண் காத்திருக்கும் என்றார். மருத்துவர் கோர்காஸ் கொசுவை ஒழிக்கக் கேட்டதையெல்லாம் கொடுத்தார். 1905 முடிவதற்குள் மஞ்சள் காய்ச்சல் அடங்கியது. கோத்தல்சின் புகழில் பாதிப் பங்கு ஸ்டீவன்சுக்கு உரியது என்பது நம் கருத்து. ஆனால் அவரும் 1907இல் விலகிவிட்டார்.

மூன்றாண்டில் இரண்டு பேர் போய்விட்டனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் சலித்துப் போனார். இனி, நினைத்த நேரத்தில் விலகிப் போக முடியாத ஒருவர் வேண்டும் என்று முடிவு கட்டினார். அப்படிப்பட்டவர் யார்? இராணுவத்தார்! அவ்வாறு அனுப்பப்பட்டவர்தான் கோத்தல்ஸ்.

தொழிலாளரிடையே கலக்கம். இனி சலாம் போட வேண்டுமோ, அணிவகுத்து நிற்க வேண்டுமோ என்று முணுமுணுப்பு. வந்தவரோ சீருடையையே அணியவில்லை. வெள்ளை உடுப்பும் கையில் சிகரெட்டுமாகத்தான் பனாமாவில் இருந்தவரை நடமாடினார்.

அதற்கு முன்பு அங்கே ஏழு பேர் கொண்ட ஆணையம் ஆண்டது. ஏழு தலை, ஏழு திக்கு! கோத்தல்ஸ் ஆணையத்துக்குத் தலைவர், தலைமை எஞ்சினியரும் அவரே. 1908இல் வேலைப் பிரிவினையையே தலைகீழாக மாற்றினார். தோண்டுதல் ஒரு இலாகா, அணையும் தொட்டியும் இன்னொரு இலாகா என்றிருந்ததைக் கலைத்தார். அட்லாண்டிக் பக்கம் முழுவதும் ஒருவர் பொறுப்பு, நடுமலை ஒருவர், பசிபிக் பக்கம் ஒருவர் என்று நிலத்தைப் பிரித்தார். தவறு நேர்ந்தால் அடுத்த இலாகாவைக் கைகாட்டித் தப்ப இடமில்லை. இதிலும் ஒரு சூட்சுமம் பாருங்கள்: அட்லாண்டிக் பக்கம் இராணுவத்தாரான சைபர்ட், பசிபிக் பக்கம் இராணுவத்தைச் சேராத வில்லியம்சன். இருவரும் கான்கிரீட் தொட்டிகள் கட்டுகிறார்கள். யாருடைய செலவு குறைவு என்று போட்டி, தானாகவே மூண்டது!

வாரம் ஒரு பத்திரிகையும் வெளிவந்தது. எந்த நீராவி மண்வாரி எவ்வளவு மண் அள்ளிற்று என்பது அதில் அச்சேறும். தன் இயந்திரத்தின் எண் முதலிடத்தில் வந்திருக்கிறதா என்று ஓட்டுபவர் தேடிப் படிப்பார். சவுக்கும் அதட்டலும் செய்யாததை அச்சிட்ட கணக்கு செய்தது.

ஞாயிறு காலை அவர் அலுவலகம் திறந்தே இருக்கும். கூலிக்காரரோ, மேஸ்திரியோ, குடும்பப் பெண்ணோ, எவரும் வரலாம், குறை சொல்லலாம். கேட்பார், தீர்ப்பார், அன்றோடு முடிந்தது. மற்ற நாட்களில், தண்டவாளத்தில் ஓடும் மஞ்சள் மோட்டார் வண்டியில் திடீரென்று வந்து நிற்பார். அதற்குத் தொழிலாளர் வைத்த பட்டப்பெயர், மஞ்சள் அபாயம்.

அபாயம் உண்மையில் இருந்தது குலெப்ரா மலையில். ஒன்பது மைல் நீளத்துக்கு மலையை அறுக்க வேண்டும். நாளொன்றுக்கு 160 இரயில் வண்டித் தொடர்கள் மண் சுமந்து போயின. ஆனால் மழை பெய்தால் மலைச்சரிவு நழுவி, வெட்டிய பள்ளத்தில் விழும். மாதக்கணக்கில் அள்ளியது ஓரிரவில் மீண்டும் நிரம்பும். அப்பகுதிப் பொறுப்பாளர் கெய்லார்டு மனமொடிந்து நின்றபோது, மறுபடி தோண்டுங்கள் என்பதுதான் கோத்தல்ஸ் தந்த விடை. கெய்லார்டோ மூளையில் கட்டி வந்து 1913 டிசம்பரில் மறைந்தார். கால்வாயில் கப்பல் ஓடியதை அவர் காணவில்லை.

இத்தனை திறமையையும் பாராட்டுகிறோம். ஆயின் சம்பளப் பட்டியலைப் புரட்டினால் நெஞ்சு சுடுகிறது. வெள்ளை அமெரிக்கருக்குத் தங்கப் பட்டியல். பார்படாஸ், ஜமெய்க்கா தீவுகளிலிருந்து வந்த கறுப்பருக்கு வெள்ளிப் பட்டியல். பலருக்கு மணிக்குப் பத்து சென்ட் கூலி! அஞ்சலகத்தில் தனி வாயில், உணவு விடுதி தனி, பள்ளிக்கூடம் தனி. ஏற்பாடு முன்னவர் காலத்தது; இவர் அதைக் கட்டிக் காத்தார். ஞாயிறு நீதிமன்றம் கறுப்பர் குறையையும் கேட்டது உண்மை. பட்டியலைக் கிழிக்கவில்லை என்பதும் உண்மை. அமெரிக்கர் காலத்தில் நோயாலும் விபத்தாலும் மாண்டோர் என மருத்துவமனை ஏடு காட்டும் தொகை 5,609. அவர்களில் ஏறத்தாழ 4,500 பேர் கறுப்பர். மலையைப் பிளக்கும் வெடிமருந்தைச் சுமந்த தோள்கள் அவர்களுடையவை. கொசு ஒழிப்புச் செலவு குறித்து இவர் கோர்காசோடு பிணங்கிக்கொண்டே இருந்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

1914 ஆகஸ்டு 15. ஆங்கான் என்ற கப்பல் ஒரு கடலில் நுழைந்து மறு கடலில் இறங்கிற்று. கப்பலை 85 அடி மேலே ஏற்றிக் கீழே இறக்கும் தொட்டிகள் பிசகின்றி இயங்கின. குறித்த நாளுக்கு நான்கைந்து திங்கள் முன்னதாகவே வேலை முடிந்தது. செலவோ 1907ஆம் ஆண்டு மதிப்பீட்டைவிட 2 கோடியே 30 இலட்சம் டாலர் குறைவு! அன்று கப்பல் மேல்தளத்தில் பிரமுகர் கூட்டம். கோத்தல்ஸ் அதில் இல்லை. கரையோரம் இரயிலில் கூடவே சென்று, ஒவ்வொரு தொட்டியிலும் கதவு சரியாக மூடுகிறதா, நீர் ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்த்துக் கொண்டிருந்தார். ஐரோப்பாவில் முதல் உலகப் போர் மூண்ட நேரம். மறுநாள் பத்திரிகைகளில் பனாமாவுக்கு மூலையில்தான் இடம்.

பின்னர் கால்வாய்ப் பகுதிக்கு ஆளுநரானார். போர்க்காலத்தில் அமெரிக்கப் படைக்கு வேண்டிய பொருள்களை வாங்கி அனுப்பும் வேலையைச் சீர் செய்தார். நியூயார்க் துறைமுகத்துக்கு ஆலோசகரானார். 1928 ஜனவரி 21இல் மறைந்து, தாம் படித்த வெஸ்ட் பாயின்டிலேயே அடக்கமானார். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவையும் நியூஜெர்சியையும் இணைக்கும் பாலத்துக்கு அவர் பெயரிட்டுத் திறந்தபோது ஐந்து மாதம் கடந்திருந்தது. திறந்த நாள் ஜூன் 29, அவர் பிறந்த நாள்.