லபோர்த் பொன்னுத்தம்பிப் பிள்ளை

நம் புதுவையில் லபோர்த் என்னும் பெயரால் ஒரு வீதி உண்டு. வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் பட்டணம் செல்லும் நம் சங்கத்தார் அப்பெயரைக் கேட்டு, பண்டு இங்கு ஆட்சி புரிந்த பிரெஞ்சுத் துரை ஒருவர் பெயர் போலும் என எண்ணுதல் இயல்பே. உண்மை அஃதன்று. அப்பெயர் பூண்டவர் ஒரு தமிழர். பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர். அவரது வாழ்க்கையை நம் குடும்பத்தார் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சிறிது எழுதுகின்றோம்.

பிள்ளையவர்கள் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் புதுவை நீதிமன்றங்களில் வழக்காடியவர். அக்காலத்து நீதிமுறை இருவகைப்பட்டது. கொலை, களவு முதலிய குற்றங்களுக்குப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டமே யாவர்க்கும் பொது. மணம், தாயம், தத்து முதலியவற்றிலோ, 1819ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பிறந்த ஆணையின்படி, இந்தியர் தத்தம் சாதி வழக்கப்படியே தீர்ப்புப் பெறலாயினர். ஆகவே, பிரெஞ்சுச் சட்டம், நாட்டு வழக்கம் என்னும் இரண்டினையும் கற்றாலன்றி வழக்கறிஞர் தொழில் நடத்தல் அரிது. ஏர்பிடிக்கும் நம் கொம்யூன்களின் குடிகள் பிரெஞ்சு மொழி அறியார். அன்னார்க்கு நீதிபதியின் முன் வாயாக நின்றவர் வழக்கறிஞரே.

அம்மன்றங்களில் மற்றொரு வழக்கமும் இருந்தது. ஐரோப்பியர் காலணியோடு உட்செல்வர். இந்தியர் அதனைக் கழற்றிவிட்டுப் புகுதல் வேண்டும். இதனை மரியாதை என்றனர். பிறர்க்காக நியாயம் பேசும் வழக்கறிஞரும், தமிழராயின், வெறுங்காலோடு நின்றே பேசவேண்டியதாயிற்று.

1873ஆம் ஆண்டில் பிள்ளையவர்கள் ஐரோப்பிய முறைக் காலணி அணிந்தவாறே நீதிமன்றத்தினுட் புகுந்தார். நீதிபதி அதனை மன்றத்துக்கு இழைத்த அவமதிப்பாகக் கொண்டார். பிறர் பொருட்டு வாதாடி வந்தவர் அன்று தாமே குற்றம் சாற்றப்பட்டவராயினார். காலணியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டிருப்பின் காரியம் அன்றே முடிந்திருக்கும்; தொழிலும் தடையின்றி நடந்திருக்கும். அவரோ அவ்வாறு செய்யாது, பாரிஸ் மாநகரில் உள்ள கசாசியோன் என்னும் உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கினைக் கொண்டு சென்றார்.

அம்மன்றம் நடந்த செய்தியை மறுபடி விசாரிப்பதன்று. கீழ்மன்றம் சட்டத்தைச் சரியாகக் கையாண்டதா என்பதொன்றையே ஆராய்வது. ஆகவே, மரியாதை எது, ஆணவம் எது என்னும் பேச்சுக்கு அங்கு இடமில்லை. எச்சட்டத்தின்படி இம்மனிதர் குற்றவாளியானார் என்பதே கேள்வி. வழக்கறிஞர்க்குரிய நுண்ணறிவு இதில் விளங்குகின்றது. கோபத்தால் பெறமுடியாததைச் சட்டத்தின் வாயிலாக அவர் தேடினார். கடல் கடந்து சென்ற அவ்வழக்கில் தீர்ப்புப் பிள்ளையவர்கள் பக்கமே ஆயிற்று. தமிழன் காலணியோடு நீதிமன்றம் புகலாம் என்பது நிலைபெற்றது.

இச்செய்தியைப் படிக்கும்பொழுது நம்மனோர் உள்ளம் பூரித்தல் இயல்பே. ஆயினும் அன்பர்களே, ஒன்று சிந்திக்கவேண்டும். பிரெஞ்சு நீதிபதி பிள்ளையவர்கட்கு விதித்த அதே விதியைத் தமிழ்நாட்டு ஊர்களில் மேற்சாதியார் எனப்பட்டோர் பிறர்க்கு விதித்திருந்தனர். உழைத்துக் களைத்த குடியானவன் அவர்கள் தெருவிற் புகும்பொழுது செருப்பைக் கையில் எடுத்தல் வேண்டும் என்றனர். அதனையும் மரியாதை என்றே பெயரிட்டனர். நம் காலுக்கு வந்தபொழுது அவமானமாகத் தோன்றியது, பிறர் காலுக்கு மட்டும் மரியாதை ஆவதெங்ஙனம்?

நிற்க. பிள்ளையவர்களது வாழ்வின் அடுத்த படி இதனினும் அரியது. 1880ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து ஆணையால் வில்லியனூரும் பாகூரும் தனித்தனிக் கொம்யூன்களாயின. மறு ஆண்டு, 1881 செப்டம்பர் 21ஆம் நாள், வேறோர் ஆணை பிறந்தது. விரும்பிய இந்தியர் தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் வரலாம் என்பது அது. துறந்தார் ஒரு குடும்பப் பெயரைப் பூணுதல் வேண்டும். துறந்தபின் மீளுதல் இல்லை. அச்சட்டத்தில் ஒருவனுக்கு ஒருத்தியே மனைவி. தந்தை சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பங்கு.

அங்ஙனம் துறக்க முன்வந்தோர்க்குத் தலைவராய் நின்றவர் பிள்ளையவர்களே. அவர் பூண்ட பெயர் லபோர்த். பிரெஞ்சு மொழியில் அதற்கு வாயிற் கதவு என்பது பொருள். பின்வருவார்க்குத் தாம் ஒரு வாயில் ஆகவேண்டும் என்னும் கருத்து அப்பெயரிலேயே அமைந்துள்ளது. ஒடுக்கப்பட்ட மக்களும் அவ்வாயில் வழியே புகுந்தனர்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. குலவழக்கம் அழியலாகாது என்று சண்முகவேலாயுத முதலியார் தலைமையில் பெருங்கட்சி எழுந்தது. அக்கட்சியார் அனைவரையும் தீயோர் என்று தள்ளுதல் தகாது. முன்னோர் நெறியில் அவர் கொண்ட பற்று மெய்யானதே. 1884ஆம் ஆண்டில் வாக்காளர் மூன்று பட்டியலாகப் பிரிக்கப்பட்டனர். துறந்தோர் ஐரோப்பியரோடு சேராது தனிப்பட்டியலில் நிறுத்தப்பட்டனர். பெயர் மாற்றியும் முழுச் சமத்துவம் கிட்டவில்லை.

அவ்வாணையின் பயன் இன்றும் மறையவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுச் சட்டம் 1963இல் புதுவைக்கு நீட்டிக்கப்பட்டபொழுது, துறந்தோர் வழியினர் அதினின்றும் விலக்கப்பட்டனர். அவர்க்குப் பிரெஞ்சுச் சிவில் சட்டமே நின்றது. அக்குடும்பங்களில் பெண்மக்கள் 1881 முதற்கொண்டே பெற்ற சமபங்கினை, கூட்டுக் குடும்பச் சொத்தில் ஏனைய இந்துப் பெண்டிர் பெற 2005ஆம் ஆண்டின் திருத்தம் வரவேண்டியதாயிற்று.

சாதிச் சங்கத்தின் ஏட்டில், சாதிச் சட்டத்தைத் துறந்தார் ஒருவரைப் புகழ்தல் முறையோ என்று சிலர் வினவக்கூடும். முறையே என்பது எம் விடை. குலம் வாழ்வது பிறரைத் தாழ்த்துவதனால் அன்று. தலைநிமிர்ந்து நிற்கும் மக்களைப் பெறுவதனால். நம் இளைஞர் சட்டம் பயில்க. பயின்று, வாயற்றவர்க்கு வாயாக நிற்க. நம் வீட்டுப் பெண்மக்கட்குச் சட்டம் தந்த பங்கினை, வழக்கு மன்றம் ஏறாமலே மனமுவந்து கொடுக்க. லபோர்த் திறந்த கதவை நாம் நம் கையால் சாத்தாதிருப்போமாக.