காஃப்காவின் பகல்கள்

உலக இலக்கியம் ஃபிரான்ஸ் காஃப்காவை இரவின் எழுத்தாளராக அறியும். அவருடைய பகல்கள் ஆலைகளில் விரலும் கையும் இழந்த தொழிலாளரின் வழக்குகளிலே கழிந்தன என்பது அத்துணை பேசப்பட்டதில்லை.

1883 ஜூலை 3ஆம் நாள் பிராக் நகரில், அலங்காரப் பொருள் வணிகர் ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார் காஃப்கா. 1901இல் அந்நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயிலப் புகுந்து, இரு வாரங்களிலேயே சட்டத்திற்கு மாறினார். 1906இல் முனைவர் பட்டம் பெற்றபின், ஊதியமின்றி ஓராண்டு நீதிமன்றப் பயிற்சி. அடுத்துச் சேர்ந்த தனியார் காப்பீட்டு நிறுவனத்தின் நீண்ட வேலைநேரம் எழுத இடந்தரவில்லை. ஒன்பது மாதங்களில் விலகினார்.

1908 ஜூலை இறுதியில் போஹீமிய இராச்சியத்தின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியேற்றார். காலை எட்டு மணி முதல் பிற்பகல் இரண்டு வரை வேலை. 1887ஆம் ஆண்டின் ஆஸ்திரியச் சட்டப்படி, காயமுற்ற தொழிலாளிக்கு இழப்பீடு தருவது இந்நிறுவனத்தின் கடமை. அதற்கான நிதியில் பெரும்பங்கை முதலாளிகள் செலுத்தினர். ஆலையின் அபாய வகுப்பு உயர்ந்தால் கட்டணமும் உயரும். ஆகவே வகுப்பைக் குறைக்கக் கோரி மேல்முறையீடுகள் குவியும். அவற்றுக்கு மறுப்பு எழுதுவதும், வட போஹீமிய ஆலைகளை நேரில் ஆராய்வதும், நிறுவனத்தின் சார்பில் வழக்காடுவதும் காஃப்காவின் பணிகளாயின.

1910இல் வெளியான ஆண்டறிக்கையில் மரம் இழைக்கும் இயந்திரங்களைப் பற்றி அவர் எழுதிய பகுதி குறிப்பிடத்தக்கது. சதுரத் தண்டில் கத்திகளைப் பொருத்தினால், கத்திக்கும் மேசைக்கும் நடுவே அகன்ற இடைவெளி உண்டாகும். மரம் சற்றே துள்ளினாலும் கை அதனுள் விழும், விரற்கணுக்கள் துண்டாகும். உருளைத் தண்டிலோ இடைவெளி சிறிது, காயமும் சிறிது. சிதைந்த கைகளின் படங்களோடு இதனை விளக்கிய அவர், உருளைத் தண்டினால் செலவும் குறையும் என்று முதலாளிகளின் கணக்கிலேயே வாதிட்டார்.

ஆயினும் அலுவலகம் தம் எழுத்தைத் தின்கிறதென்று நாட்குறிப்பிலும் கடிதங்களிலும் ஓயாது வருந்தினார். 1911இல் குடும்பத்தார் தொடங்கிய கல்நார் ஆலையில் பங்காளியாகவும் ஆக்கப்பட்டு, எஞ்சிய பிற்பகல்களிலும் சிலவற்றை இழந்தார். தீர்ப்பு என்னும் கதையை 1912 செப்டம்பரில் ஒரே இரவில் எழுதி முடித்து, மறுநாள் அலுவலகத்திற்கு விடுப்புச் சொன்னார்.

அவர் வெறுத்த அந்தப் பகல்களே அவருடைய இரவுகளுக்குப் பொருள் தந்தன. 1914 அக்டோபரில் விடுப்பெடுத்து எழுதிய தண்டனைக் குடியிருப்புக் கதையில், மனித உடலில் தீர்ப்பைப் பொறிக்கும் இயந்திரம் உறுப்பு உறுப்பாக விளக்கப்படுகிறது. ஆலை இயந்திரங்களைக் கூர்ந்து நோக்கிய கண் அங்கே தெரிகிறது. அந்நாட்களில் எழுதிக்கொண்டிருந்த விசாரணை நாவலிலும் அவ்வாறே. பகலில் மனுக்களைப் பெறும் மேசையின் உட்புறம் அமர்ந்தவர், இரவில் அம்மேசைக்கு வெளியே நிற்பவனை எழுதினார்.

முதல் உலகப் போரில், பணி இன்றியமையாததென நிறுவனம் வேண்டியதால் படைச்சேவையினின்று விலக்குப் பெற்றார். போரில் நரம்புநோயுற்ற வீரர்களுக்கு மருத்துவமனை அமைக்க 1916இல் வேண்டுகோள் எழுதினார். 1917இல் காசநோய் கண்டறியப்பட்டது. படிப்படியாக உயர்ந்து தலைமைச் செயலர் நிலையை எட்டிய 1922இலேயே நோயினால் ஓய்வு பெற்றார். 1924 ஜூன் 3 அன்று வியன்னாவை அடுத்த கீர்லிங்கில் மறைந்தார்.

கையெழுத்துப் படிகளை எரித்துவிடும்படி அவர் விடுத்த வேண்டுகோளை நண்பர் மாக்ஸ் பிராட் ஏற்கவில்லை. விசாரணை 1925இல் அச்சேறியது. மரம் இழைக்கும் தண்டைப் பற்றிய அறிக்கை முதலிய அலுவலக எழுத்துகளும், 2004இல் அவருடைய நூல்வரிசையில் ஒரு தொகுதியாக இடம்பெற்றன.