மணலுக்கு எந்த கியர்? - ரால்ஃப் பேக்னால்ட்

ஆஃப்-ரோடு வண்டின்னாலே நம்ம மெக்கானிக்கல் பசங்க முதல்ல கேக்கறது ஃபோர் வீல் டிரைவ் இருக்கான்னுதான். அடுத்து, ரேஷியோ எவ்வளவு லோ போகலாம்னு. இந்த ரெண்டு கேள்விக்கும் சகாரா பாலைவனத்துல வேற விடை கண்டவர்தான் பேக்னால்ட்.

1896-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தார். ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து, முதல் உலகப்போரில் பிரான்ஸில் இருந்துவிட்டு, அப்புறம்தான் கேம்பிரிட்ஜ் போய் இன்ஜினியரிங் படித்தார். (நமக்கு அரியர் கிளியர் பண்றதே உலகப்போர்!)

1926-ல் எகிப்துக்கு மாற்றல். லீவு கிடைத்தால் நண்பர்களோடு ஃபோர்டு மாடல் டி காரில் பாலைவனத்துக்குக் கிளம்பிவிடுவார். அந்தக் காருக்கு முன்னால் போக ரெண்டே கியர். ஆக்ஸிலோட சேர்த்துப் பார்த்தால் லோ கியரில் மொத்த ரேஷியோ சுமார் 10, ஹை கியரில் 3.64. நடுவுல ஒண்ணுமே கிடையாது. 1929 பயணத்துக்கு மாடல் ஏ-வுக்கு மாறினார். அதில் மூணு கியர்: கிட்டத்தட்ட 12, 7, 3.78. இன்ஜினும் 20 குதிரைத்திறனிலிருந்து 40 ஆச்சு.

அப்போ மணலில் ஃபர்ஸ்ட் கியர் போட்டு மெதுவா ஏறிடலாமே? அங்கதான் சிக்கல். பாறையில் டார்க் கூடினால் நல்லது. மணலோ ஓரளவு விசையைத்தான் தாங்கும். அதுக்கு மேல கொடுத்தா மணல் நழுவி, சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கும். சரி, ஓடிக்கிட்டே கியர் மாத்தலாம்னா, சிங்க்ரோமெஷ் இல்லாத கியர்பாக்ஸ். மாத்துற அந்த ரெண்டு நொடியில் வண்டி நின்றே போகும்.

1930-ல், லிபியா எல்லையை ஒட்டிய பெரும் மணற்கடலில், எதிரே நின்ற மணல் மலையைப் பார்த்து மணிக்கு 40 மைல் வேகத்தில் நேராக வண்டியை விட்டார். மாடல் ஏ-வில் அது டாப் கியர் வேகம். வண்டி மேலே ஏறிவிட்டது! டார்க் செய்யாததை வேகம் செய்தது. டயரில் காற்றைக் குறைப்பது, புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போடுவது, ரேடியேட்டர் ஆவியைப் பிடித்து மறுபடி தண்ணீராக்குவது எல்லாம் இந்தப் பயணங்களில் அவர் பயன்படுத்திய வழிகள்தான்.

1935-ல் ராணுவத்திலிருந்து ஓய்வு. லண்டனில் காற்றுச் சுரங்கம் வைத்து மணல் எப்படிப் பறக்குதுன்னு ஆராய்ச்சி. 1939-ல் போர் வந்ததும் திரும்ப அழைத்தார்கள். வேறிடத்துக்குப் போன கப்பல் மத்தியதரைக் கடலில் மோதிக்கொள்ள, எகிப்திலேயே இறங்கினார்.

1940-ல் நீள்தூரப் பாலைவனப் படையை ஆறே வாரத்தில் உருவாக்கச் சொன்னார்கள். அவர் எடுத்தது செவ்ரோலெட் 30 ஹண்ட்ரட்வெயிட் லாரி. சாதா டூ வீல் டிரைவ்! முன் ஆக்ஸில் டிரைவும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்தா எடை கூடும், பெட்ரோல் குடிக்கும். வழியில் பங்க் இல்லாத ஊரில், கூடுதல் பெட்ரோலையும் நாமதானே சுமக்கணும்? 1941-ல் படைக்கு ஃபோர் வீல் டிரைவ் ஃபோர்டு எஃப்30 வந்தது. கனமும் அதிகம், தாகமும் அதிகம். அதே வருஷம் பேக்னால்ட் தலைமையை விட்டு விலகினார். ஆனாலும் 1942-ல் அந்தப் படை மறுபடி டூ வீல் டிரைவ் செவ்ரோலெட்டுக்கே திரும்பியது.

மணல் பறக்கும் இயற்பியல் பற்றிய அவர் புத்தகம் 1941-ல் வந்தது. செவ்வாய்க் கிரக மணல்மேடுகளை ஆராய்பவர்கள் இன்னிக்கும் அதைப் புரட்டுகிறார்கள். 1944-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1990-ல், 94 வயதில் காலமானார்.

முதல் தொகுதி செவ்ரோலெட்டில் ஒன்றை 1980-ல் லிபியப் பாலைவனத்திலிருந்து மீட்டு வந்தார்கள். அது இம்பீரியல் வார் மியூசியத்துக்குத் துருவோட அப்படியே போய்ச் சேர்ந்தது.