தன கோபால் முகர்ஜி

தன கோபால் முகர்ஜி (ஜூலை 6, 1890 – ஜூலை 14, 1936) வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இந்திய எழுத்தாளர் ஆவார். ஆங்கிலத்தில் எழுதி அமெரிக்காவில் பரவலாக வாசிக்கப்பட்ட தொடக்ககால இந்திய எழுத்தாளர்களுள் இவர் முக்கியமானவர். யானை, புறா, குரங்கு, புலி முதலிய விலங்குகளைக் கதைமாந்தர்களாகக் கொண்டு சிறுவர்களுக்கான நூல்கள் பலவற்றை எழுதினார். 1927இல் வெளிவந்த "கே-நெக்: ஒரு புறாவின் கதை" என்னும் நூலுக்காக 1928ஆம் ஆண்டின் நியூபெரி பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது. அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தின் உயர்ந்த விருதாகக் கருதப்படும் இப்பதக்கத்தைப் பெற்ற முதல் இந்தியர் இவரே.

பிறப்பும் இளமையும்

முகர்ஜி கல்கத்தாவுக்கு அருகில், காட்டை ஒட்டியிருந்த ஒரு சிற்றூரில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். இவருடைய தந்தை வழக்கறிஞர். உடல்நலக் குறைவால் அத்தொழிலைக் கைவிட்டு, இசை பயில்வதிலும் ஊர்க் கோயிலின் பூசைப் பணியிலும் ஈடுபட்டார். வீட்டுக்கு அருகிலேயே காடு இருந்ததால் விலங்குகளின் ஒலிகளும் பழக்கங்களும் முகர்ஜிக்குச் சிறு வயதிலேயே அறிமுகமாயின. பிற்காலக் கதைகளுக்கு இந்த நினைவுகளே மூலப்பொருளாக அமைந்தன.

குடும்ப வழக்கப்படி பூசகர் ஆவதற்கான பயிற்சி பெற்ற இவர், அதன் ஒரு பகுதியாகத் துறவியைப் போலப் பிச்சையேற்று ஊர் ஊராகச் சுற்றினார். ஆயினும் பூசகர் வாழ்க்கையில் மனம் நிலைக்கவில்லை. அதை விட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

இவருடைய அண்ணன் யதுகோபால் முகர்ஜி, ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக வங்காளத்தில் இயங்கிய யுகாந்தர் இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவர். அண்ணனின் நண்பர்கள் வழியாகப் புரட்சிக் கருத்துக்கள் முகர்ஜியையும் எட்டின. இந்நிலையில் குடும்பத்தினர் இவரைத் தொழில் இயந்திரவியல் படிக்க ஜப்பானுக்கு அனுப்பிவைத்தனர். அங்கு ஆலைகளின் வேகம் முதலில் இவரைக் கவர்ந்தது. ஆனால், விபத்தில் காயமடைந்த தொழிலாளியைப் பற்றிக் கவலைப்படாமல் அவரது இடத்தில் உடனே வேறொருவர் நிறுத்தப்பட்டதைக் கண்டபின் அந்த ஈர்ப்பு மறைந்தது. ஜப்பானிலிருந்து கப்பலேறிச் சான் பிரான்சிஸ்கோவை அடைந்தார்.

அமெரிக்க வாழ்க்கை

கையில் பணமின்றி அமெரிக்காவில் இறங்கிய முகர்ஜி, வீட்டு வேலை, பாத்திரம் கழுவுதல், வயல் அறுவடை எனக் கிடைத்த வேலைகளைச் செய்து படித்தார். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பயின்ற பின், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1914இல் பட்டம் பெற்றார். அங்கேயே சில காலம் கற்பித்தார். எதெல் ரே டூகன் என்னும் அமெரிக்கப் பெண்மணியை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். 1920களில் நியூயார்க் நகரம் இவருடைய வாழிடமாயிற்று.

அக்காலத்தில் அமெரிக்காவில் இந்தியர்களின் நிலை எளிதாக இருக்கவில்லை. 1917ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் இந்தியாவிலிருந்து புதிதாக வருவோருக்குத் தடை விதித்தது. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில்தான் முகர்ஜியின் தன்வரலாறான "சாதியும் சாதி நீங்கியவனும்" வெளிவந்தது. அந்நூலின் முதற்பகுதி இந்திய வாழ்க்கையையும் இரண்டாம் பகுதி அமெரிக்க வாழ்க்கையையும் கூறுகிறது. தாயகத்தை விட்டு வந்தவனுக்குப் புதிய நாடும் முழுமையாகச் சொந்தமாகவில்லை என்னும் உணர்வை நூலின் பெயரே காட்டுகிறது.

யதுகோபால் 1923 முதல் 1927 வரை விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். இந்தியாவுக்குத் திரும்பி வந்து அண்ணனைச் சந்தித்ததை அடிப்படையாகக் கொண்டு, "என் அண்ணனின் முகம்" (1924) என்னும் நூலை முகர்ஜி எழுதினார். இராமகிருஷ்ண பரமஹம்சரைப் பற்றி 1926இல் இவர் எழுதிய நூல் பிரெஞ்சு எழுத்தாளர் ரோமென் ரோலனின் கவனத்தை ஈர்த்தது. ரோலன் பின்னர் பரமஹம்சரின் வரலாற்றை எழுதுவதற்கு அதுவே தூண்டுதலாயிற்று.

சிறுவர் இலக்கியம்

முகர்ஜியின் முதல் சிறுவர் நூல் "கரி என்னும் யானை" (1922). கரி என்ற யானைக் குட்டியும் அதை வளர்க்கும் சிறுவனும் அதன் கதைமாந்தர். கோப்பி என்ற குரங்கும் அவர்களுடன் சேர்ந்துகொள்கிறது. வீட்டையும் காட்டையும் தாண்டிக் காசி நகரம் வரை செல்லும் இந்த நண்பர்களின் அனுபவங்களே கதை. இதனைத் தொடர்ந்து வேட்டைக்காரர்களையும் யானைக் கூட்டத்தையும் புலியையும் பற்றிய நூல்கள் வெளிவந்தன.

இந்தியக் காட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ருட்யார்டு கிப்ளிங்கின் "ஜங்கிள் புக்" (1894) அப்போது பெரும்புகழ் பெற்றிருந்தது. கிப்ளிங்கின் காட்டில் விலங்குகள் ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்கின்றன. முகர்ஜி அச்சம் என்னும் உணர்வுக்கு முதன்மை தந்தார். விலங்கும் மனிதனும் தீங்கு செய்வதற்கு அச்சமே வேர் என்றும், அதை வெல்வதே கல்வி என்றும் இவருடைய கதைகள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன.

கே-நெக்

இந்நூலின் நாயகன் கல்கத்தாவில் ஒரு சிறுவன் வளர்க்கும் தூதுப் புறா. அதன் இந்தியப் பெயர் சித்திரகிரீவன். வண்ணக் கழுத்தை உடையது என்பது இதன் பொருள். பஞ்சதந்திரத்தில் வேடனின் வலையில் சிக்கிய புறாக்களைத் தன் நண்பனான எலியிடம் அழைத்துச் சென்று காப்பாற்றும் புறா அரசனுக்கும் இதே பெயர்தான். கதையின் ஒரு பகுதியைச் சிறுவனும் மற்றொரு பகுதியைப் புறாவும் கூறுகின்றனர்.

சிறுவன் தன் நண்பனுடனும் கோண்ட் என்ற முதிய வேட்டைக்காரருடனும் புறாவை இமயமலைப் பகுதிக்கு எடுத்துச் செல்கிறான். அங்கு வேட்டைப் பறவைகளால் துன்புற்று வழிதவறும் புறா, பௌத்த மடம் ஒன்றில் அடைக்கலம் பெறுகிறது. பின்னர் முதல் உலகப் போரின்போது, ஹீரா என்ற மற்றொரு புறாவுடன் கோண்டின் பொறுப்பில் பிரான்சுக்கு அனுப்பப்படுகிறது. போர்முனையில் ஹீரா கொல்லப்படுகிறது. குண்டுகளுக்கு நடுவே செய்தியைக் கொண்டு சேர்த்த சித்திரகிரீவன் உயிர் தப்பித் தாயகம் திரும்புகிறது. ஆனால் அதனால் பறக்க முடியவில்லை. சிறகில் கண்ட காயத்தைவிட மனத்தில் புகுந்த அச்சமே அதற்குக் காரணம். கோண்டும் போரின் வெறுப்பைச் சுமந்தே திரும்புகிறார். சிங்காலிலா அருகிலுள்ள மடத்தில் லாமாவின் துணையால் இருவரும் குணமடைகின்றனர்.

முதல் உலகப் போரில் தந்திக் கம்பிகள் அறுந்த இடங்களில் செய்தி கொண்டுசெல்ல உண்மையாகவே புறாக்கள் பயன்படுத்தப்பட்டன. சிறுவர் கதைகளில் பெரும்பாலும் வீரன் வீடு திரும்பியதும் கதை முடிந்துவிடும். இந்நூலிலோ வீடு திரும்பிய பிறகே முக்கியமான பகுதி தொடங்குகிறது. போரினால் ஏற்படும் மனக்காயத்தைச் சிறுவர்களுக்குப் புரியும் வகையில் சொன்னது இதன் தனிச்சிறப்பாகும். அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த ஓவியர் போரிஸ் அர்த்சிபாஷெப் இந்நூலுக்குப் படங்கள் வரைந்தார்.

இறுதிக் காலம்

காதரின் மேயோ இந்தியாவை இழிவுபடுத்தி எழுதிய "மதர் இந்தியா" என்ற நூலுக்கு 1928இல் முகர்ஜி மறுப்பு நூல் எழுதினார். இந்திய விடுதலைக்கு ஆதரவு காட்டிய இவருக்கு ஜவஹர்லால் நேருவுடன் நட்பு இருந்தது. எனினும் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் மனச்சோர்வுக்கு உள்ளானார். 1936 ஜூலை 14 அன்று, 46ஆம் வயதில், நியூயார்க்கில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அச்சத்திலிருந்து மீளும் வழியைச் சிறுவர்களுக்குச் சொன்ன எழுத்தாளர் இவ்வாறு மறைந்தது பலரையும் வருந்தச் செய்தது.

முக்கிய சிறுவர் நூல்கள்

கரி என்னும் யானை (1922)
காட்டுச் சிறுவன் ஹரி (1924)
கே-நெக்: ஒரு புறாவின் கதை (1927)
வேட்டைக்காரன் கோண்ட் (1928)
கூட்டத்தின் தலைவன் (1929)
சிறுவர்களுக்கான இந்துக் கதைகள் (1929)
இந்தியாவின் நாயகன் இராமன் (1930)