நீரை வென்ற நிதானம்: ஜானி வைஸ்முல்லர்



நம் பிள்ளைகளுள் பலர் இன்று நீச்சற் போட்டிகளில் ஆர்வத்துடன் பங்கேற்று வருகின்றனர். வெற்றிக் கோப்பையுடன் வீடு திரும்பும் நாளில் நாமும் அவர்களுடன் சேர்ந்து மகிழ்கின்றோம். ஆனால் விநாடியின் சிறு பகுதியால் பரிசு கைநழுவிய நாளில் அவர்கள் முகம் வாடுவதையும், சில வேளைகளில் பெற்றோராகிய நம் முகமும் வாடுவதையும் மறைப்பதற்கில்லை. எவ்வாறு பயில வேண்டும், போட்டிக்கு எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதை அறிய விரும்புவோர் ஒருவருடைய வாழ்க்கையைப் படித்தல் நன்று. அவரே ஜானி வைஸ்முல்லர். திரையில் டார்சானாகத் தோன்றியவர் என்றே நம்மில் பெரும்பாலோர் அவரை அறிவோம். அதற்கு முன்னரே அவர் உலகின் மிக விரைவான நீச்சல் வீரராகத் திகழ்ந்தவர்.

புலம்பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை

வைஸ்முல்லர் 1904 ஆம் ஆண்டு ஜூன் 2 ஆம் நாள் பிறந்தார். பிறந்த ஊராகிய பிரைடார்ப் அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. இன்று அது ருமேனியாவில் உள்ளது. பெற்றோர் ஜெர்மன் மொழி பேசியவர்கள். பிழைப்புத் தேடி 1905 இல் கைக்குழந்தையுடன் கப்பலேறி அமெரிக்காவை அடைந்தனர். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊரொன்றில் சில காலம் வாழ்ந்தபின் சிகாகோ நகரில் குடியேறினர். வீட்டில் ஒரு மொழி, வெளியில் வேறொரு மொழி என்னும் நிலை நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. அவருக்கும் அதுவே வாய்த்தது.

ஒன்பது வயதளவில் அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியதாகவும், மருத்துவரின் அறிவுரைப்படியே அவர் நீந்தத் தொடங்கியதாகவும் கூறுவர். மிச்சிகன் ஏரியின் குளிர்ந்த அலைகள் அவருக்கு முதற்பள்ளியாயின. குடும்பத்தின் வறுமையால் கல்வியை இடையில் நிறுத்தி, விடுதியொன்றில் மின்தூக்கி இயக்குபவராகவும் ஏவலாளாகவும் பணிபுரிந்தார்.

போட்டியில்லாத பயிற்சிக் காலம்

1920 ஆம் ஆண்டில், இலினாய் விளையாட்டுக் கழகத்தின் பயிற்சியாளர் வில்லியம் பக்ராக் முன் அந்த இளைஞர் நின்றார். நீந்திக் காட்டுமாறு பயிற்சியாளர் பணித்தார். கையசைவில் ஒழுங்கில்லை, ஆயினும் கடிகாரம் வியப்பூட்டும் வேகத்தைக் காட்டியது. ஓராண்டுக் காலம் மறுவார்த்தையின்றித் தாம் சொல்வதைச் செய்ய வேண்டும், அதுவரை எவருடனும் போட்டியிடலாகாது என்னும் உடன்பாட்டின் பேரில் பக்ராக் அவரை மாணவராக ஏற்றார்.

பதினாறு வயது இளைஞர் ஒருவருக்கு இது எவ்வளவு கடினமான கட்டளை என்பதை எண்ணிப் பாருங்கள். தம்மைவிட மெதுவாக நீந்துவோர் பரிசு பெறுவதைக் கண்டும் அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. பக்ராக் கைகளைத் தனியாகவும் கால்களைத் தனியாகவும் மூச்சைத் தனியாகவும் பழக்கி, அதன் பின்னரே அனைத்தையும் ஒன்றாக இணைத்தார். உடலை முறுக்கி நீருடன் போராடாமல், தளர்வாக வைத்துக்கொண்டு நீரில் வழுக்கிச் செல்லுமாறு கற்பித்தார். முதலில் முறை, பின்னர் வேகம் என்பதே அவருடைய கொள்கை.

இக்கொள்கை இன்றும் மாறவில்லை. தவறான அசைவை விரைவாகச் செய்யும் சிறுவன் அத்தவறையே உறுதிப்படுத்திக்கொள்கிறான். களைப்பு மிகும்போது அசைவு குலையும். அந்நிலையில் மேலும் பல சுற்றுகள் நீந்துவதால் தீமையே விளையும். எனவே, பயிற்சியின் தொடக்கத்தில் மெதுவாக நீந்தி உடலைச் சூடேற்றுதல், நீருக்குள் மூச்சைச் சீராக வெளிவிடுதல், சுவரில் திரும்புவதையும் தொடக்கப் பாய்ச்சலையும் தனியே பலமுறை பழகுதல் ஆகியவற்றை இளையோர் சலிப்பின்றிச் செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். வைஸ்முல்லர் தலையையும் மார்பையும் நீருக்கு மேலே உயர்த்தி நீந்தினார். இன்றைய பயிற்சியாளர்களோ, தலை உடலோடு ஒரே நேர்கோட்டில் இருத்தலே நன்று என்பர். காலத்தால் நுட்பம் மாறலாம்; பொறுமையின் பயன் மாறுவதில்லை.

ஒரு நிமிடத் தடை உடைந்தது

1921 ஆகஸ்டில் அமெரிக்கத் தேசியப் போட்டியில் இறங்கி, 50 கெசத் தொலைவில் அவர் வெற்றி பெற்றார். 1922 ஜூலை 9 ஆம் நாள் கலிபோர்னியாவின் அலமீடாவில் 100 மீட்டரை 58.6 விநாடிகளில் கடந்தார். ஒரு நிமிடத்திற்குள் அத்தொலைவை நீந்திய முதல் மனிதர் அவரே. அதற்கு முன்னிருந்த சாதனை, ஹவாயின் பெருவீரர் டியூக் கஹானமோக்கு நிலைநாட்டிய 1 நிமிடம் 0.4 விநாடி.

1924 பாரிஸ் ஒலிம்பிக் நெருங்கியது. அமெரிக்கக் குடியுரிமைக்கு ஆவணம் தேவைப்பட்டபோது, அமெரிக்காவில் பிறந்த தம்பியின் பிறப்புப் பதிவே அவருடையதாகக் காட்டப்பட்டது. பின்னாளில் இவ்வுண்மை வெளிப்பட்டது. அச்செயலை நாம் போற்றவில்லை. எனினும், வளர்ந்த நாட்டிலேயே தாம் அந்நியராகக் கருதப்படலாம் என்னும் அச்சத்தைச் சுமந்தவாறே அந்த இளைஞர் தொடக்க மேடையில் நின்றார் என்பதை நாம் உணரலாம்.

பாரிஸில் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் டியூக்கும் அவர் தம்பி சாமுவேலும் உடன் நீந்தினர். சகோதரர் இருவரும் கூட்டாகத் தம்மை மடக்குவரோ என வைஸ்முல்லர் கலங்கியதாகவும், மூவருமாகத் தம் நாட்டின் கொடியை மூன்று முறை உயர்த்துவதே முக்கியம் என்று டியூக் அவரைத் தேற்றியதாகவும் சொல்லப்படுகிறது. அவ்வாறே நடந்தது. வைஸ்முல்லர் 59.0 விநாடிகளில் தங்கமும், டியூக் வெள்ளியும், சாமுவேல் வெண்கலமும் பெற்றனர். தமது இடத்தைப் பறிக்க வந்த இளைஞருக்கே துணிவூட்டிய டியூக்கின் பெருந்தன்மை நம் பிள்ளைகள் நெஞ்சில் நிறுத்தத் தக்கது. வைஸ்முல்லர் 400 மீட்டரிலும் தொடர் நீச்சலிலும் தங்கம் வென்றார். நீர்ப்பந்தாட்டத்தில் வெண்கலம் பெற்ற அணியிலும் இடம்பெற்றார்.

போட்டிகளுக்கு இடையே, சக வீரர் ஒருவருடன் சேர்ந்து வேடிக்கைப் பாய்ச்சல்கள் செய்து பார்வையாளரைச் சிரிக்க வைத்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. அச்சம் உடலை இறுக்கும். மகிழ்ச்சி அதனைத் தளர்த்தும். போட்டி நெருங்கும் நாள்களில் பயிற்சியின் அளவைக் குறைத்து, நன்கு உறங்கி, எளிதிற் செரிக்கும் உணவைப் போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கு முன்னரே உண்டு, மனத்தை இலேசாக வைத்துக்கொள்வதே தக்க ஆயத்தமாகும். போட்டி நாளன்று புதிய உணவையோ புதிய முறையையோ சோதித்துப் பார்த்தல் கூடாது.

தடுமாற்றத்திலும் தளராமை

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில், 100 மீட்டர் போட்டியின் திருப்பத்தில் அவர் தண்ணீரை விழுங்கி மூச்சுத் திணறினார் எனக் கூறுவர். பழக்கத்தால் உறுதிப்பட்ட அசைவு அவரைக் கைவிடவில்லை. 58.6 விநாடிகளில் மீண்டும் தங்கம் வென்றார். தொடர் நீச்சலிலும் வென்று, மொத்தம் ஐந்து ஒலிம்பிக் தங்கங்களுக்கு உரியவரானார். போட்டியில் எதிர்பாராத இடர் எவருக்கும் நேரலாம். அப்போது புதிதாகச் சிந்திக்க நேரமிராது. பயிற்சியில் சேமித்ததே துணைநிற்கும்.

பதக்கத்தினும் மேலானதொரு செயலையும் அவர் செய்தார். 1927 ஜூலை 28 ஆம் நாள் மிச்சிகன் ஏரியில் உல்லாசப் படகொன்று புயலிற் கவிழ்ந்தது. அருகில் பயிற்சி செய்துகொண்டிருந்த வைஸ்முல்லரும் தம்பியும் விரைந்து சென்று, மீண்டும் மீண்டும் மூழ்கிப் பலரை வெளியே எடுத்தனர். பதினொரு உயிர்கள் காப்பாற்றப்பட்டன. நீச்சல் பரிசுக்கான கலை மட்டுமன்று, உயிர் காக்கும் கலையும் ஆகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1932 முதல் 1948 வரை பன்னிரண்டு படங்களில் டார்சானாக நடித்து உலகப் புகழ் பெற்ற அவர், 1984 ஜனவரி 20 ஆம் நாள் மெக்சிகோவின் அகபுல்கோவில் மறைந்தார்.

நமக்குரிய பாடம்

பெற்றோர்களே, குளக்கரையில் கடிகாரத்தைப் பிடிக்கும் பணியைப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுவோம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் நேரத்தோடு நம் பிள்ளையின் நேரத்தை ஒப்பிடாதிருப்போம். வீடு திரும்பும் வழியில், வென்றாயா என்று வினவுவதற்கு முன், மகிழ்ந்து நீந்தினாயா என்று வினவுவோம்.

மாணவச் செல்வங்களே, அகரம் முதலாக எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பழகிய பின்னரே நீங்கள் தமிழில் சொற்களை எழுதினீர்கள். சொற்கள் கைவந்த பின்னரே கட்டுரை எழுதுகின்றீர்கள். நீச்சலும் அத்தகையதே. பெரியவர் துணையின்றித் தனியே நீரில் இறங்காதீர்கள். ஆசிரியர் காட்டும் முறையைப் பொறுமையுடன் பழகுங்கள். ஓராண்டு காத்திருக்கத் துணிந்தவரே ஒரு நிமிடத் தடையை உடைத்தார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். உங்கள் முயற்சிகள் யாவும் வெற்றி பெற வாழ்த்துகின்றோம்.