எல்லாப்பிரகடா சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் (சனவரி 12, 1895 – ஆகஸ்ட் 1948) சென்னையில் மருத்துவம் பயின்று ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் ஆவார். டெட்ராசைக்ளின் வகையின் முதல் நுண்ணுயிர் எதிர்ப்பியான ஆரியோமைசின் இவர் ஆய்வு இயக்குநராக இருந்த ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது.

இளமை

அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். பள்ளியிறுதித் தேர்வில் மூன்றாம் முறையே தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது, காந்தியின் அழைப்பை ஏற்று அறுவைக் கூடத்திலும் கதராடை அணிந்தார். இதனால் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். உடன்பிறந்தோர் இருவரை நோய்க்குப் பறிகொடுத்த இவரை ஸ்புரூ என்னும் குடல்நோய் தாக்கியது. ஆசந்த லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையால் பிழைத்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிலகாலம் கற்பித்துவிட்டு, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் சென்றார்.

ஆய்வுகள்

ஆர்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் இணைந்து, பாஸ்பரசை அளவிடும் முறையை 1925 இல் வெளியிட்டார். 1940 இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கு இவரது குழு 1945 இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. தம்மை வாட்டிய ஸ்புரூ நோய்க்கே அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்குரிய டைஎதில்கார்பமசினும் அக்குழுவின் பணியே.

இவரது ஆய்வகத்தில் தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர், மிசௌரி மாநில மண்ணிலிருந்து கிடைத்த பொன்னிற நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டறிந்தார். பெனிசிலினுக்கு அடங்காத சில கிருமிகளையும் அது அழித்தது. 1948 இல் அம்மருந்து அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே சுப்பாராவ் உறக்கத்தில் காலமானார்.

மருந்தின் பிற்காலம்

மருந்துத் தயாரிப்பில் எஞ்சிய கழிவைத் தின்ற கோழிக்குஞ்சுகள் விரைந்து வளர்வதை லெடர்லியின் தாமஸ் ஜூக்ஸ் குழுவினர் கண்டனர். 1950 முதல் கால்நடைத் தீவனத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பி கலக்கும் வழக்கம் பரவியது. நோயற்ற விலங்குக்கும் மருந்து கொடுப்பது எதிர்ப்பாற்றலை வளர்க்கும் என்பதால், வளர்ச்சிக்காக அவ்வாறு கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் முற்றிலும் தடைசெய்தது.

அதற்குள் மனிதரிடையேயும் தொல்லை தொடங்கிவிட்டது. 1950களில் சப்பானில் சீதபேதியை உண்டாக்கும் சிகெல்லா கிருமிகள், டெட்ராசைக்ளின் உட்பட நான்கு வகை மருந்துகளுக்கு ஒருசேர எதிர்ப்புப் பெற்றன. ஒரு பாக்டீரியா தன் எதிர்ப்பு மரபணுவை அண்டைப் பாக்டீரியாவுக்கு வழங்கவல்லது என்பது இவ்வாய்வுகளால் தெரியவந்தது. சிகெல்லா மலத்திலிருந்து கை, உணவு, நீர் வழியே வாய்க்குச் செல்வது. மிகச் சில கிருமிகளே நோயுண்டாக்கப் போதும். மருந்துக்கு அடங்காத கிருமியும் சோப்புக்கு அடங்கும் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். சோப்பு கையின் எண்ணெய்ப் பசையோடு கிருமியைக் கழற்றி நீரில் போக்குகிறது. அதற்கு எதிர்ப்பு மரபணு தடையன்று. கழிப்பறைக்குச் சென்றபின்னும் உண்ணுமுன்னும் குறைந்தது 20 வினாடி கைகளைத் தேய்த்துக் கழுவினால் தொற்றும் குறையும், விழுங்கும் மாத்திரைகளும் குறையும்.

சுப்பாராவ் பயின்ற சென்னையிலும் இச்சிக்கல் எழுந்தது. என்.டி.எம்.-1 மரபணுவுடைய பாக்டீரியாக்கள் பற்றி 2010 இல் வெளியான ஆய்வில் சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் இடம்பெற்றன. 2012 இல் மருத்துவ அமைப்புகள் இங்கே கூடிச் சென்னைப் பிரகடனத்தை உருவாக்கின.

சுப்பாராவ் நினைவாக இந்திய அஞ்சல்துறை 1995 இல் அஞ்சல்தலை வெளியிட்டது.